யாரை அழைத்துச் சொன்னார்? கொழும்புத் தமிழ்ச் சபைகளில் வேத வாசிப்பும் சீடத்துவமும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றின் நான்காம் மாடி வீட்டில், வியாழக்கிழமை மாலைகளில் ஒரு வேதபாடக் கூட்டம் நடக்கும். மெதடிஸ்த சபைக் குடும்பம் அது. மருமகள் மட்டும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர். ஒருமுறை மாற்கு நற்செய்தியின் 8ஆம் அதிகாரம் பாடமாக வந்தது. அட்டை உரிந்து பொலித்தீன் உறை போட்ட பழைய வேதாகமத்தை மடியில் வைத்திருந்த மாமி, “ஒருவன் என் பின்னே வர விரும்பினால், அவன் தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்” என்று வாசித்தார். கைத்தொலைபேசியில் திருவிவிலியத்தைத் திறந்து வைத்திருந்த மருமகள், “மாமி, இதில வேற மாதிரி இருக்கு” என்று சொல்லி, ‘தன்னலம் துறந்து’ என்ற இரண்டு சொற்களைக் காட்டினார். மாமி கண்ணாடியைக் கழற்றினார். “ரெண்டும் ஒண்டோ பிள்ளை? தன்னலத்தை விடலாம். தன்னை வெறுக்கிறது எப்பிடி?” என்று கேட்டார். பிளேன்ரீ ஆறிப்போனது, அன்றைய பாடம் அந்த ஒரு வசனத்தைத் தாண்டவில்லை.

மாமியின் கேள்வி மொழிபெயர்ப்பைப் பற்றியது போலத் தோன்றினாலும், கிறிஸ்தவ சபைகள் வேதத்தை வாசிக்கும் முறைகளுக்கும் சீடத்துவத்தைப் புரிந்துகொள்ளும் முறைகளுக்கும் இடையேயுள்ள உறவு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கிறது. இலங்கை மக்களில் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று அதிகமானோர் கிறிஸ்தவர். அவர்களுள் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். எஞ்சியோர் அங்கிலிக்கன், மெதடிஸ்த, சீர்திருத்த, பெந்தெகொஸ்தே எனப் பல சபைகளாகப் பிரிந்து நிற்கின்றனர். இந்தப் பிரிவுகளைக் கொள்கை வேறுபாடுகளாகப் பட்டியலிடுவது எளிது. ஆனால் சீடத்துவத்தைப் பொறுத்தவரை, எல்லாப் பிரிவுகளுக்கும் அடியில் ஒரேயொரு கேள்வி கிடப்பதாகவே எனக்குப் படுகிறது: இயேசு கடுமையான ஒரு சொல்லைச் சொன்னபோது, அதை யாருக்குச் சொன்னார்? கூட்டத்துக்கா, பன்னிருவருக்கா, எல்லாவற்றையும் துறக்க முன்வந்த சிலருக்கா, அல்லது இன்று அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் எனக்கா?

அந்த ஐயத்தை நற்செய்தி நூல்களே எழுப்புகின்றன. சிலுவையைச் சுமக்கச் சொல்லும் இதே வாக்கு மூன்று நற்செய்திகளில் வருகிறது. மத்தேயுவில் (16:24) இயேசு அதைத் தம் சீடர்களுக்குச் சொல்கிறார். லூக்காவில் (9:23) எல்லாரையும் நோக்கிச் சொல்கிறார். ‘அனுதினமும்’ என்ற ஒரு சொல்லும் அங்கே கூடுகிறது. மாற்குவில் (8:34) அவர் மக்கள் கூட்டத்தையும் சீடர்களையும் ஒருங்கே கூப்பிட்டுப் பேசுகிறார். இந்த வேறுபாட்டைப் பெரும்பாலான வாசகர் கவனிப்பதில்லை. சபைகளின் வரலாறு மட்டும் அதைக் கவனித்தே வந்திருக்கிறது.

முதலில் மொழியைப் பார்ப்போம், ஏனெனில் தமிழில் வேதத்தைத் திறப்பவர் எவரும் ஏற்கெனவே வேறொருவர் செய்துவைத்த விளக்கத்தின் மீதுதான் நிற்கிறார். தரங்கம்பாடியில் சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி முடிந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், கொழும்பில் பிறந்து சீர்திருத்தச் சபையின் குருவாக அபிஷேகம் பெற்ற பிலிப் டி மெல்லோ செய்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலேயே அச்சாயிற்று. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்புக்கு உறுதுணையாயிருந்தவர், பின்னாளில் சைவ மறுமலர்ச்சியின் தலைமகனாக விளங்கிய ஆறுமுக நாவலர். 1871இல் முழுமையாக வெளிவந்த, போவர் தலைமையிலான மொழிபெயர்ப்பே இன்றுவரை சீர்திருத்த, பெந்தெகொஸ்தே சபைகளின் நாவில் இருக்கிறது. கத்தோலிக்கர் கையாளும் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. எனவே மாமிக்கும் மருமகளுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ நூற்றிருபத்தைந்து ஆண்டு இடைவெளி. ஒரே வீட்டில் ஒருவர் ‘சீஷன்’ என்கிறார், மற்றவர் ‘சீடர்’ என்கிறார். ஒருவருக்கு ‘ஞானஸ்நானம்’, மற்றவருக்குத் ‘திருமுழுக்கு’. உச்சரிப்பை வைத்தே ஆளின் சபையை ஊகிக்கலாம் என்பது கொழும்பில் வேடிக்கையாகச் சொல்லப்படும் உண்மை.

‘தன்னைத்தான் வெறுத்து’ என்ற இடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல்லுக்கு ‘மறுத்துரைத்தல்’, ‘எனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிடுதல்’ என்பதே நேர்ப்பொருள். அதே வினையை மாற்கு மீண்டும் 14ஆம் அதிகாரத்தில் எடுக்கிறார். சேவல் கூவுமுன் பேதுரு மூன்றுமுறை செய்வது அதைத்தான். அங்கே தமிழ் ‘மறுதலிப்பாய்’ என்கிறது. மூலத்தைக் கேட்டவர் காதில் இரண்டும் ஒன்றோடொன்று மோதியிருக்கும்: தன்னை மறுதலிக்கும்படி அழைக்கப்பட்டவன், முற்றத்தில் நெருப்புக் காய்ந்துகொண்டே, அழைத்தவரை மறுதலிக்கிறான். பழைய மொழிபெயர்ப்பு ‘வெறுத்து’ என்றும், புதியது ‘தன்னலம் துறந்து’ என்றும் சொன்னதால், தமிழ் வாசகருக்கு அந்த முடிச்சு கைநழுவிப் போயிற்று. ‘வெறுத்து’ என்ற சொல் துறவியின் உடலொடுக்கத்தை நோக்கி இழுக்கிறது. ‘தன்னலம் துறந்து’ என்பது நற்பண்பின் பக்கம் சாய்கிறது. மூலம் இவ்விரண்டில் எதையும் சொல்லவில்லை. யாருடைய ஆள் நீ என்று கேட்கிறது.

இன்னொரு வசனத்தில் தமிழ் இலக்கணமே பொருளின் எடையை இடம் மாற்றிவிட்டது. மத்தேயுவின் கடைசி அதிகாரத்தில், போங்கள், சீடராக்குங்கள், திருமுழுக்குக் கொடுங்கள், கற்பியுங்கள் என்று நான்கு செயல்கள் வருகின்றன. கிரேக்கத்தில் கட்டளையாக நிற்பது ‘சீடராக்குங்கள்’ என்ற ஒன்றுதான். மற்ற மூன்றும் அதைச் சார்ந்து வருகின்றன. தமிழிலோ முற்றுவினை வாக்கியத்தின் இறுதியில் வரவேண்டும். ஆகவே பழைய மொழிபெயர்ப்பில் ‘சீஷராக்கி’, ‘ஞானஸ்நானங்கொடுத்து’ என்பவை எச்சங்களாகி, ‘உபதேசம்பண்ணுங்கள்’ என்பதே கட்டளையாக முடிகிறது. மொழிபெயர்த்தவர் மீது குற்றமில்லை. தமிழ் அப்படித்தான் ஓடும். ஆனால் உபதேசமே சபையின் தலையாய வேலை என்று தமிழ்ப் போதகர்கள் நம்புவதற்கு இந்த வினைமுற்றும் ஒரு காரணமாயிருக்கலாம் என்று நான் அவ்வப்போது நினைப்பதுண்டு.

‘சீடன்’ என்ற சொல்லும் வெறுங்கையோடு வரவில்லை. அதைக் கேட்டதும் வெள்ளவத்தையிலுள்ள சைவக் குடும்பமொன்றுக்கு நினைவில் வருவது குரு, தீட்சை, பாதபூசை. குருவைத் தேடிச் செல்பவன் சீடன். யூத மரபிலும் மாணவனே தன் ஆசானைத் தேடிக்கொள்வது வழக்கம். இயேசுவோ படகோரத்தில் வலை அலசிக்கொண்டிருந்தவர்களைத் தாமே கூப்பிட்டார். “நீங்கள் என்னைத் தெரிந்துகொள்ளவில்லை, நான் உங்களைத் தெரிந்துகொண்டேன்” என்று யோவான் நற்செய்தியில் சொல்கிறார். ‘தெரிந்துகொள்ளுதல்’ இங்கே தேர்ந்தெடுத்தல். அதே நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், சீடன் குருவின் பாதத்தைக் கழுவுவதற்குப் பதிலாக, குரு சீடரின் பாதத்தைக் கழுவுகிறார். பெரிய வியாழனன்று கத்தோலிக்கக் கோயில்களில் குருவானவர் இடுப்பில் துவாலையைக் கட்டிக்கொண்டு பன்னிருவர் முன் குனியும்போது, பாதபூசையை அறிந்த தமிழருக்கு அந்தக் காட்சி எவ்வளவு தலைகீழானது என்பது எந்த விளக்கவுரையும் இல்லாமலே புரியும்.

‘உங்களில் எவரும் போதகர் என்று அழைக்கப்பட வேண்டாம், பூமியில் எவரையும் தந்தை என்று அழைக்கவேண்டாம்’ என்று மத்தேயு 23ஆம் அதிகாரம் சொல்லியிருக்க, சீர்திருத்தச் சபையார் தங்கள் ஊழியரைப் ‘போதகர்’ என்றும் கத்தோலிக்கர் ‘அருட்தந்தை’ என்றும் அழைத்துக்கொண்டு, இந்த வசனத்தை மற்றவர் எப்படி மீறுகிறார் என்று சுட்டிக்காட்டுவதில் இருசாராரும் சளைத்தவர் அல்லர்.

கத்தோலிக்க வாசிப்பில் வேதம் தனியே நிற்பதில்லை. திருச்சபையின் மரபோடும் போதனை அதிகாரத்தோடும் சேர்ந்தே அது பொருள் தருகிறது என்பது அதன் அடிப்படை. நூல்களின் எண்ணிக்கையும் 66 அல்ல, 73. நடைமுறையில் ஒரு கத்தோலிக்கர் வேதத்தைப் பெரும்பாலும் காதால் பெறுகிறார்: மூன்றாண்டுச் சுற்றில் வரும் ஞாயிறு வாசகங்கள், அதன்பின் மறையுரை, அதன்பின் நற்கருணை. வசனம் உண்ணுதலில் போய் முடிகிறது. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு திருப்பலி இலத்தீனில் நடந்த காலத்திலும் தமிழ்க் கத்தோலிக்கர் வேதமறியாதவராக இருந்தாரில்லை. சிலுவைப்பாதையும் இயேசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கு நாடகமும், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 18ஆம் நூற்றாண்டில் இயற்றித் தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டுவந்த வியாகுலப் பிரசங்கமும் அவர்களுக்கு வேதமாயிருந்தன. இந்த மரபில் சீடன் என்பவன் கண்ணீரோடு உடன் நடப்பவன்.

‘யாருக்குச் சொன்னார்’ என்ற கேள்விக்குக் கத்தோலிக்க மரபு நீண்டகாலம் இரண்டு படிகளாக விடை சொல்லிவந்தது. கட்டளைகள் எல்லாருக்கும், ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற அறிவுரைகள் நிறைவை நாடும் சிலருக்கு. ‘உனக்குள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு’ என்று செல்வந்த இளைஞனுக்குச் சொல்லப்பட்ட சொல்லை 3ஆம் நூற்றாண்டில் எகிப்திய இளைஞன் அந்தோனி கோயிலில் கேட்டான். தனக்கே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு நிலத்தை விட்டுப் பாலைவனம் போனான். துறவற மரபு அங்கே வேர் பிடித்தது. கொழும்பு கொச்சிக்கடைக் கோயிலில் வீற்றிருப்பவர் அந்த அந்தோனி அல்லர், ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழ்ந்த பதுவை அந்தோனியார். எனினும் அவரும் அதே வாக்கைத் தலைமேற்கொண்ட பிரான்சிஸ்கன் சபைத் துறவிதான். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்திருந்தபோது, 1687இல் ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்திறங்கிய கோவாக் குரு யோசப் வாஸ் அடிகளாரையும் அந்த வரிசையில் வைக்கலாம். 2015 ஜனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இரண்டு படி விடையைத் திருத்தும் குரல் இதற்குள் வந்துவிட்டிருந்தது: தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லா விசுவாசிகளுக்கும் உரியது என்று வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில் ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. மீன் விற்கும் பெண்ணும் வங்கி எழுதுவினைஞரும் துறவிக்கு ஒரு படி கீழே நிற்பவர் அல்லர் என்பதே அதன் உட்பொருள்.

இந்த இரண்டு படியை உடைத்ததுதான் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தம். துறவற வாக்குறுதிகளால் கடவுளிடம் மதிப்புத் தேட முடியாது என்று ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1521இல் எழுதினார். செருப்புத் தைப்பவனும் தன் தொழிலிலேயே அழைக்கப்பட்டிருக்கிறான் என்பது அவர் கொள்கை. எல்லாருக்கும் சொல்லப்பட்டது என்றாகிவிட்டால், எல்லாராலும் நிறைவேற்ற முடியாததை என்ன செய்வது என்ற சிக்கல் உடனே வருகிறது. லூதரின் வழிவந்தோர், பவுலின் நிருபங்களை வாசலாகக் கொண்டு வேதத்துக்குள் நுழைந்தார்கள்: முதலில் விசுவாசத்தால் நீதிமானாதல், பின்பே நடத்தை. இதில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ‘சீடர்’ என்ற சொல் புதிய ஏற்பாட்டில் 250 தடவைக்கு மேல் வந்தும், நற்செய்திகளையும் அப்போஸ்தலர் நடபடிகளையும் விட்டு ஒருமுறையும் வெளியே வருவதில்லை. பவுலின் நிருபங்களில் சீடர் எவரும் இல்லை. ‘கிறிஸ்துவுக்குள்’ இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சபை எந்தப் பக்கத்தைத் திறந்து வேதத்துக்குள் நுழைகிறது என்பதே அதன் சீடத்துவத்தைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. சூரிச்சில் 1525இல் எழுந்த, குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதை ஏற்காத அனபாப்திஸ்தர் மலைப்பிரசங்கத்தின் வழியாக நுழைந்தார்கள். அதனால் அவர்களுட் பலர் வாளெடுக்க மறுத்தார்கள், சத்தியம் செய்ய மறுத்தார்கள், சாகவும் நேர்ந்தது.

இலங்கையில் சீர்திருத்தம் வந்த விதம் லூதருக்கு உவப்பாயிருந்திராது. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகத்துக்கும் காணியுரிமைக்கும் ஞானஸ்நானப் பதிவு வேண்டியிருந்தது. திருமுழுக்குப் பெற்றோர் பெருகினர். ஆங்கிலேயர் வந்து அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் பெருந்தொகையினர் முன்னைய சமயங்களுக்கே திரும்பினர். புறக்கோட்டைக்கு அருகே குன்றின்மேல் 1757இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட வுல்வெண்டால் கோயிலின் தடித்த சுவர்கள் மட்டும் நின்றுவிட்டன. ‘ஞானஸ்நானங்கொடுத்து’ என்பது ‘சீஷராக்கி’ என்பதிலிருந்து கழன்று தனியே ஓடினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இந்த மண்ணில் இல்லை.

அந்தக் கழன்ற அச்சாணியைப் பூட்ட முயன்றவர்கள் மெதடிஸ்தர். அவர்களின் தனி அடையாளமான வகுப்புக் கூட்டம் கடனில் பிறந்தது. 1742இல் பிரிஸ்டல் நகரில், கோயில் கட்டிய கடனை அடைக்க, பன்னிருவருக்கு ஒரு தலைவரை அமர்த்தி, வாரம் ஒரு பெனி சேர்க்கச் செய்தார்கள். வீடுவீடாகக் காசு கேட்கப் போன தலைவர்கள், அங்கே குடியையும் சண்டையையும் கண்டு, மெதடிஸ்த இயக்கத்தின் தலைவர் ஜோன் வெஸ்லியிடம் சொன்னார்கள். காசு சேர்க்கும் குழுவே ஒருவர் வாழ்வை மற்றவர் விசாரிக்கும் குழுவானது. 1814இல் மெதடிஸ்த மிஷனரிகள் இலங்கைக்கு வந்தபோது அந்த வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். வெள்ளவத்தை மாமியின் வியாழக்கிழமைக் கூட்டம் அதன் தொலைதூரப் பேரப்பிள்ளை. வேதம், மரபு, பகுத்தறிவு, அனுபவம் ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று உரசிப்பார்த்து வாசிப்பது இச்சபையின் முறை. புத்தாண்டின் தொடக்கத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனையில், ‘நான் இனி எனக்குரியவன் அல்லன், உமக்குரியவன்’ என்ற பொருள்படச் சபையார் எழுந்துநின்று சொல்கிறார்கள். ‘தன்னைத்தான் வெறுத்து’ என்ற தொடருக்கு, எனக்குத் தெரிந்தவரை, இதைவிட நெருக்கமான விளக்கம் தமிழ் ஆராதனையில் வேறில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகச் சபைகள் மன்றத்தின் முதற் பேரவையில் பிரசங்கித்த மெதடிஸ்தப் போதகர் டி. டி. நைல்ஸ், நற்செய்தி அறிவிப்பதை, ரொட்டி கிடைக்கும் இடத்தை ஒரு பிச்சைக்காரன் மற்றொரு பிச்சைக்காரனுக்குச் சொல்வதற்கு ஒப்பிட்டவராக நினைக்கப்படுகிறார். சீடன் கொடையாளியாகத் தன்னை எண்ணிக்கொள்ளும் அபாயத்தை அறிந்தவரின் உவமை அது.

பெந்தெகொஸ்தே சபைகளில் ‘யாருக்கு’ என்ற கேள்விக்குத் தயக்கமே இல்லை: எனக்கு, இன்றைக்கு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டப்படும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுப்பவர், அதிலுள்ள வசனத்தை வரும் ஆண்டுக்கான தன் பங்காகக் கொள்கிறார்; அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் கீழ் ஆண்டு முழுவதும் இருக்கும். ‘நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்’ என்ற எரேமியா 29:11 அப்படிப் பலர் வீட்டில் இருக்கிறது. அந்த வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருகிறது; அதற்கு முந்திய வசனம், அது நிறைவேற எழுபது ஆண்டு செல்லும் என்கிறது. அட்டையில் எழுபது ஆண்டு அச்சிடப்படுவதில்லை. இதைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். ஆனால் போர்க்காலத்தில் ஊரை விட்டு ஒரு பையோடு கொழும்புக்கு வந்து, வாடகை அறையில் பொலிஸ் பதிவுக்குப் பயந்து வாழ்ந்த ஒரு தலைமுறைத் தமிழருக்கு, சிறைப்பட்டுப் போனவர்களுக்கான கடிதம் தங்களுக்கும் உரியது என்று தோன்றியதில் வாசிப்புப் பிழை அதிகமில்லை. பிழை, எழுபதை வெட்டிவிடுவதில் இருக்கிறது.

இச்சபைகளை, விசுவாசித்தால் செல்வமும் நலமும் வரும் என்னும் செழிப்பு உபதேசத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுவோர் மறக்கும் ஒன்றுண்டு. 1920களில் கொழும்பில் தோன்றிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனின் ஊழியர்கள் வெள்ளுடை உடுத்து, திருமணமும் சொத்தும் துறந்து, விசுவாச வீடுகளில் கூட்டாக வாழ்கிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 2ஆம் அதிகாரத்தில் சகலத்தையும் பொதுவாய் வைத்து அனுபவித்த முதற் சபையை எழுத்துக்கு எழுத்தாக எடுத்துக்கொண்டதன் விளைவு அது. துறவறத்தைக் கடுமையாக மறுத்த மரபின் ஒரு கிளை, வேதத்தை அப்படியே வாசித்ததனாலேயே, எகிப்திய அந்தோனியின் வாசலில் போய் நின்றது.

தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக இறங்குவது லூக்கா 14:26இல்தான். தகப்பனையும் தாயையும் ‘வெறுக்காவிட்டால்’ எனக்குச் சீஷனாயிருக்கமாட்டான் என்று அந்த வசனம் சொல்கிறது. சைவக் குடும்பத்திலிருந்து தனியாக ஞானஸ்நானம் பெற்ற இளைஞன் ஒருவனுக்கு இது வெறும் பாடமல்ல. தாய் கோயில் விபூதியை நீட்டும்போது நெற்றியைக் கொடுப்பதா, தகப்பன் இறந்தால் மூத்த மகன் கொள்ளி வைப்பதா என்பது அவன் சீடத்துவத்தின் முதற் பரீட்சையாக வந்து நிற்கிறது. கொள்ளி வைக்க மறுத்த ஒருவரை எனக்குத் தெரியும். சுடலை வரை வந்து, ஓரமாக நின்றார். அவருடைய சித்தப்பா மகன் கொள்ளிக்குடம் தூக்கினான். இருபது ஆண்டு கழிந்தும் தாயார் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசாமையே அந்த வீட்டின் பேச்சாகிவிட்டது. அதே சபையைச் சேர்ந்த இன்னொருவர் கொள்ளி வைத்துவிட்டு, அடுத்த ஞாயிறு திருவிருந்து எடுக்காமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இங்கே வேத அறிஞர்கள் சொல்வது கேட்கத்தக்கது. எபிரெய வழக்கில் ‘வெறுத்தல்’ என்பது ஒப்பீட்டில் குறைவாக நேசித்தலைக் குறிப்பதுண்டு: ஆதியாகமம் 29இல் யாக்கோபு லேயாளைவிட ராகேலை அதிகமாய் நேசித்தான் என்ற வசனத்துக்கு அடுத்த வசனமே, லேயாள் வெறுக்கப்பட்டதாக மூலத்தில் சொல்கிறது. மத்தேயு 10:37 இதே வாக்கை ‘என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்’ என்று விரித்துவிடுகிறது; திருவிவிலியம் லூக்காவையும் அவ்வாறே பெயர்த்திருக்கிறது. மாற்கு 7இல், பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவுவோரை இயேசு வன்மையாகக் கண்டிக்கிறார். ஆகவே தாயைப் புண்படுத்துவதைச் சீடத்துவத்தின் அளவுகோலாக்கும் பிரசங்கம், ஒரு வசனத்தை வாசித்து அதன் அண்டை வீட்டாரை விசாரிக்காமல் விட்ட பிரசங்கம் என்பதே என் துணிபு. அதே வேளை, எல்லாக் கடுமையையும் எபிரெய வழக்கென்று சொல்லி ஆற்றிவிடும் வாசிப்பிலும் எனக்கு ஐயமுண்டு; அப்படி ஆற்றியபின் சீடனிடம் கேட்க ஒன்றும் மிஞ்சாது.

‘சிலுவை’ என்ற சொல்லுக்கும் இதே கதிதான். குடிகாரக் கணவனையும் தீராத நோயையும் ‘அது என்ர சிலுவை’ என்று சொல்லும் வழக்கு எல்லாச் சபைகளிலும் இருக்கிறது. அடிவாங்கும் பெண்ணிடம் ‘சிலுவையைச் சுமந்துகொள் மகளே’ என்று சொல்லித் திருப்பி அனுப்பிய ஆலோசனைகளும் இருந்திருக்கின்றன. வசனத்தில் சிலுவையை எடுப்பவர் தாமே விரும்பி எடுக்கிறார். பிறர் கையால் விழும் அடிக்கு அந்தச் சொல்லைக் கொடுப்பது வசனத்தின் மேல் செய்யும் வன்முறை. ஆசிய வறுமையின் நடுவே வேதத்தை வாசித்தவர்கள் இதைத் தெளிவாகவே சொன்னார்கள். களனியில் 1974இல் துலானா ஆய்வகத்தைத் தொடங்கிய இயேசுசபைக் குரு அலோசியஸ் பீரிஸ், இயேசு யோர்தானிலும் கல்வாரியிலும் பெற்ற இரு திருமுழுக்குகளை ஆசியத் திருச்சபையும் பெறவேண்டும் என்றார்: ஒன்று ஆசியச் சமயங்களின் ஆற்றில், மற்றது ஆசிய வறுமையின் சிலுவையில். புத்தளைப் பகுதியின் பௌத்தக் கிராமமொன்றில் எளிய வீட்டில் வாழ்ந்த அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ, 1987 நவம்பர் 10ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எவருக்கும் திருமுழுக்குக் கொடுக்க அங்கே போகவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆகிய கோயில்களிலும் கொழும்பு விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டோர் மாண்டபின், ‘உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்’ என்ற வசனத்தை எப்படி வாசிப்பது என்பது எல்லாச் சபைகளின் கேள்வியாயிற்று. உடனேயே மன்னித்தோம் என்று சொன்ன குடும்பங்கள் இருந்தன. கொழும்புப் பேராயர் உண்மையும் நீதியும் கேட்டு நின்றார். 2021 மார்ச் 7ஆம் திகதி கத்தோலிக்கர் கருப்பு ஞாயிறு அனுட்டித்தனர். 2023 ஜனவரியில் உயர்நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. மன்னிப்பது நொந்தவருக்குரிய செயல், பொறுப்புக் கூறுவது அரசுக்குரிய கடமை என்று பிரித்து வாசித்தோரே அந்நாட்களில் தடுமாறாமல் நின்றார்கள் என்று நினைக்கிறேன். ‘நீங்களும் மன்னித்துவிட்டீர்களே’ என்ற வாக்கியம் அதிகாரத்தில் இருந்தோரின் வாயில் எவ்வளவு வசதியாக வந்தது என்பதையும் கண்டோம்.

கொச்சிக்கடைக் கோயிலுக்கு இன்றும் செவ்வாய்க்கிழமைகளில் கூட்டம் அலைமோதுகிறது. வாசலில் மெழுகுதிரியும் பூமாலையும் விற்கிறார்கள். வரிசையில் பொட்டிட்ட தாய்மாரும் வெள்ளைச் சேலை உடுத்த பௌத்தப் பெண்களும் பிள்ளையைத் தோளில் போட்டபடி நிற்கிறார்கள். இவர்கள் பக்தரா, சீடரா? என் பெந்தெகொஸ்தே நண்பர் இவர்களைக் கூட்டம் என்பார், சீடர் என்று ஒப்பமாட்டார். கோயிலில் உதவிக்கு நிற்பவர்கள் அப்படிக் கேட்பதே இல்லை. மெழுகுதிரி ஏற்றும் இடத்தைக் கைகாட்டுவார்கள். மாற்குவின் வசனத்தில் முதலில் கூப்பிடப்பட்டது கூட்டம்தான். அந்த நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், பன்னிருவரும் சிதறி ஓடியபின் உண்மையாகவே சிலுவையைத் தோளில் சுமப்பவன், வயலிலிருந்து அவ்வழியே வந்த சிரேனே ஊரான் சீமோன். அவன் விரும்பி எடுக்கவில்லை, பலவந்தம் பண்ணப்பட்டான். மாற்கு அவனை ‘அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் தகப்பன்’ என்று அறிமுகப்படுத்துகிறார். அந்தப் பிள்ளைகள் யாரென்று வேறெங்கும் அவர் சொல்லவில்லை. அவர் எழுதிய சபையில் அவர்களை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது உரையாசிரியர் பலரின் ஊகம்.